மக்கு என்று சொல்லும் முன்

என் அண்ணனுக்குக் கண் பார்வையில் ஒரு குறையும் இல்லை. நள்ளிரவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவர். ஆனால் ஒரு தாளைக் கையில் கொடுத்தால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, “கண்ணாடிய மறந்துட்டேன்மா, நீயே படிச்சுச் சொல்லிடு” என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. குடும்பத்தில் எல்லாருக்கும் அது தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

இதை அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுங்கைப்பட்டாணியில் உள்ள அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. நாங்கள் ‘குட்டி’ என்று கூப்பிடும் அவருடைய மகன் அப்போது தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. அண்ணி அவனுடைய சொல்வதெழுதல் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். பத்துச் சொற்களில் எட்டுக்குச் சிவப்பு மையில் கோடு.

“இவனும் என்ன மாதிரிதான்மா, மக்கு. எழுத்து நம்ம ரத்தத்துலயே வராது. தமிழ்ப்பள்ளியில இருந்து எடுத்துடலாம்னு பார்க்கிறேன். மூணு மொழி எதுக்கு இவனுக்கு?” என்றார் அண்ணன்.

குட்டி மேசைக்கு அடியில் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சொல் அவன் காதில் விழுந்ததும் லாரி நின்றுவிட்டது.

நான் வானொலி அறிவிப்பாளர். எழுதியதைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். அண்ணனுக்கும் எனக்கும் ஐந்து வயதுதான் வித்தியாசம். ஒரே தோட்டம், ஒரே பள்ளி, ஒரே கரும்பலகை. ஒருத்திக்கு எழுத்து வந்தது, ஒருவருக்கு வரவில்லை. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று கேட்கத் தோன்றியது. அதன் பிறகு பல வாரங்கள் தேடிப் படித்ததையும் ஆசிரியர்களிடம் கேட்டுத் தெரிந்ததையும்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே பள்ளி, இரண்டு பிள்ளைகள்

இந்த நாட்டுத் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பைச் சொல்வோம். ரப்பர் வந்த பிறகு பள்ளிகள் தோட்டத்துக்குள் வந்தன. இன்று நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. கெடாவில் மட்டும் 50-க்கும் மேல். அவற்றில் பல, தோட்டத்தில் பிறந்தவை.

எங்கள் பள்ளியும் அப்படித்தான், பீடோங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. அண்ணன் படித்த காலத்தில் இரண்டு வகுப்புகள் ஒரே அறையில் நடக்கும். சொல்வதெழுதலில் தவறு செய்தால் அடிக்கோல் விரல் முட்டியில் இறங்கும். சில மாதங்களிலேயே அண்ணன் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். ஆறாம் ஆண்டு வரை அந்த இடம் மாறவில்லை. இடைநிலைப்பள்ளியில் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தார். பிறகு பலகைத் தொழிற்சாலை, அதன் பிறகு லாரி.

என் கதை வேறு. அம்மா விடியற்காலையிலேயே பெரட்டுக்குப் போய்விடுவார். என்னை ஆயாக் கொட்டகையில் விடுவார்கள். அப்போதிருந்த ஆயாவுக்குக் கொஞ்சம் எழுத்து தெரியும். வாசல் மணலில் குச்சியால் எழுதுவார், பக்கத்தில் என்னை எழுதச் சொல்வார், எழுதும்போதே சத்தமாகச் சொல்லச் சொல்வார். என் ‘அ’ எப்போதும் சாய்ந்து கிடக்கும். ஆயா சிரித்துவிட்டு அழித்து மறுபடி எழுதச் சொல்வார். அண்ணன் காலத்தில் வேறு ஆயா, அவருக்கு எழுத்து தெரியாது.

எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க அந்த மணல்தான் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

பேச்சு தானாக வரும், எழுத்து வராது

குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுக்க நாம் பயிற்றி வாங்குவதில்லை. சுற்றி நாலு பேர் பேசினால் போதும், பேச்சு வந்துவிடும். வாசிப்பு அப்படி அல்ல. மனிதன் எழுதத் தொடங்கி ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகள்தான் ஆகின்றன. வாசிப்புக்கென்று மூளையில் பிறவியிலேயே ஓர் இடம் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஓர் இடத்தை எடுத்து, அதை எழுத்துக்குப் பழக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிரான்ஸ் நாட்டு நரம்பியல் அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹான் பல ஆண்டுகளாக இதை விளக்கி வருகிறார்.

பிள்ளைகள் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவதற்கும் இதில் விடை இருக்கிறது. பால்வெட்டும் கத்தியை இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் அது கத்திதான். காகம் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தாலும் காகம்தான். இடம் வலம் மாறினாலும் பொருள் ஒன்றே என்றுதான் நம் கண்ணும் மூளையும் பழகியிருக்கின்றன. அந்தப் பழக்கம் எழுத்துக்கு உதவாது. ஆங்கிலச் சிறிய எழுத்து ‘பி’யைத் திருப்பினால் ‘டி’ ஆகிவிடுகிறது. பழைய பழக்கத்தை மூளை விட்டுக்கொடுக்கக் காலம் பிடிக்கும். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை எழுத்தைத் திருப்பிப் போட்டால் பதற வேண்டாம், அது சோம்பலும் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளிடம் எழுதிப் பழகப் பழக அது மறைந்துவிடும்.

247 எழுத்தின் கணக்கு

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247 என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். பிள்ளை அத்தனையும் கற்க எவ்வளவு நாள் ஆகும்?

இந்திய மொழிகளில் இதை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் சோனாலி நாக். பெங்களூர் வட்டாரப் பள்ளிகளில் கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் ஒன்றைக் காட்டினார். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் 26 எழுத்துகளை ஏறக்குறைய ஓராண்டில் பிடித்துக்கொள்கிறார்கள். கன்னடப் பிள்ளைகள் நான்காம் வகுப்பிலும் எழுத்துகளைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். கன்னடத்திலும் தமிழைப் போல உயிர்மெய் முறைதான். எழுத்தின் எண்ணிக்கை நம்மைவிட அதிகம் என்றாலும் படிக்கும் பாதை ஒன்றே.

நம் எழுத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘பெ’ என்று சொல்லிப் பாருங்கள். காதில் முதலில் ‘ப்’ கேட்கிறது, பிறகு ‘எ’. கண்ணில் முதலில் கொம்பு தெரிகிறது, பிறகு ‘ப’. ‘கொ’ இன்னும் வேடிக்கை. முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் ‘க’. ஒலி வரும் வரிசையும் எழுத்து நிற்கும் வரிசையும் வேறு வேறு.

குட்டியின் சொல்வதெழுதல் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘பெட்டி’ என்ற சொல்லில் ‘ப’வை முதலில் எழுதி, கொம்பை அதற்குப் பின்னால் போட்டிருந்தான். அவன் எழுதியது தவறு. ஆனால் அவன் காது சரியாக இருக்கிறது, கேட்ட வரிசையில் எழுதியிருக்கிறான். சிவப்புக் கோட்டில் அது தெரியாது.

ஒரே ‘க’ என்ற எழுத்து ‘கடல்’ என்பதில் ஒரு மாதிரியும், ‘பகல்’ என்பதில் வேறு மாதிரியும், ‘தங்கம்’ என்பதில் இன்னொரு மாதிரியும் ஒலிக்கிறது. ல, ள, ழ பிரச்சினையைச் சொல்லவே வேண்டாம், எங்கள் ஒலிபரப்பு அறையிலேயே அது உண்டு. இதோடு நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே மலாயும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். மலாயில் ‘சுச்சி’ என்று எழுதும்போது ‘ச்ச’ என ஒலிக்கும் அதே ரோமன் எழுத்து, ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற சொல்லில் ‘க’ ஆகிவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளை சுமக்கும் சுமை இது. கொஞ்சம் மெதுவாக நடந்தால் அதற்கு மக்கு என்று பெயர் வைக்கலாமா?

“அப்படின்னா தமிழை விட்டுடறதுதானே சுலபம்?” என்று அண்ணன் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பிள்ளைக்குப் பேச்சில் நன்றாகத் தெரிந்த மொழியில் வாசிப்பைத் தொடங்குவதே நல்லது என்று 1953-லேயே யுனெஸ்கோ அறிக்கை வெளியிட்டிருக்கிறது. காரணம் எளிது. ‘பூனை’ என்று எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்கும்போது, அந்தச் சொல் பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இருந்தால்தான் சரியாகப் படித்துவிட்டோம் என்று அவனுக்கே தெரியும். அண்ணன் வீட்டில் பேசும் மொழி தமிழ். குட்டிக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

கை சொல்லிக்கொடுக்கும் பாடம்

இனி மணலுக்கு வருகிறேன். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2012-இல் வெளியிட்டார்கள். குழந்தைகள் மூன்று விதமாக எழுத்துகளைப் பழகினார்கள். சிலவற்றைத் தாங்களே எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். பெரியவர்கள் வாசிக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகள், குழந்தைகள் தங்கள் கையால் எழுதிய எழுத்துகளைப் பார்த்தபோதுதான் நன்றாக விழித்துக்கொண்டன. தட்டிய எழுத்துக்கும் புள்ளிக் கோட்டின் மேல் வரைந்த எழுத்துக்கும் அந்த அளவு விழிப்பு இல்லை.

அதற்கு ஏழு ஆண்டு முன்பு, 2005-இல், பிரான்சில் மரியேக் லோன்காம்ப் குழுவினர் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வும் இதையே சொன்னது. அவர்களில் சற்று வளர்ந்த பிள்ளைகள், தட்டிப் பழகிய எழுத்துகளைவிடக் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளை நன்றாக அடையாளம் கண்டார்கள்.

கோணல் எழுத்தில் என்ன நன்மை? பிள்ளை பத்து முறை ‘அ’ எழுதினால் பத்தும் பத்து விதமாக இருக்கும். ஒன்று குண்டு, ஒன்று சாய்வு, ஒன்றுக்கு வால் நீளம். இத்தனை விதத்தையும் பார்த்த பிறகுதான் எது இருந்தால் ‘அ’, எது இல்லாவிட்டால் ‘அ’ இல்லை என்று மூளை பிரித்தறிகிறது. ஜேம்ஸ் பின்னர் 2016-இல் இன்னோர் ஆய்வாளரோடு வெளியிட்ட ஆய்வு இந்தக் காரணத்துக்கு வலுச் சேர்த்தது. புள்ளிக் கோட்டின் மேல் வரைந்தால் பத்தும் ஒரே அச்சு. எழுத்தை எங்கே தொடங்குவது, எங்கே திருப்புவது என்று பிள்ளை முடிவு செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? பாலர் பள்ளிப் பருவத்திலேயே புள்ளிக் கோட்டுப் பயிற்றி வாங்கிக் கொடுத்து, வரி தாண்டாமல் வரைந்தால் பாராட்டுகிறோம். கோணலாக எழுதினால் அழிக்கச் சொல்கிறோம். புள்ளிக் கோடு கெடுதல் அல்ல, முதல் நாலைந்து தடவை வழி காட்டட்டும். அதன் பிறகு வெறுந்தாளைக் கொடுத்துவிடுங்கள்.

விரலுக்கும் பழக்கம் வேண்டும். எங்கள் காலத்தில் ரப்பர் கொட்டையில் பல்லாங்குழி ஆடினோம், ஐந்தாங்கல் பிடித்தோம். பென்சில் கைக்கு வரும் முன்பே விரல்கள் வேலை செய்து பழகியிருந்தன. கைப்பேசித் திரையைத் தேய்க்கும் விரலுக்கு அந்த வாய்ப்பு குறைவு. சப்பாத்தி மாவு பிசையட்டும், கீரை ஆயட்டும், கத்தரிக்கோலால் தாள் வெட்டட்டும்.

காதில் தொடங்கும் வாசிப்பு

வானொலிக்காரி என்பதால் இந்தப் பகுதி எனக்குத் தனி மகிழ்ச்சி. இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையண்ட் இருவரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வு, வாசிப்பு ஆராய்ச்சியில் இன்றும் பேசப்படுகிறது. பள்ளி செல்லும் முன்பே ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களையும் ஒரே ஒலியில் முடியும் சொற்களையும் பிரித்தறியும் பிள்ளைகள், பின்னாளில் வாசிப்பில் முன்னேறியதை அவர்கள் கண்டார்கள். அது பலவீனமாக இருந்த பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். ஒலிப் பயிற்சியோடு எழுத்துருக்களையும் கையில் கொடுத்துச் சேர்த்துப் பழக்கிய குழுவே மற்றவர்களைவிட நன்றாக வாசித்தது.

நமக்கு இது புதிதா? மோனையும் எதுகையும் நம் தாலாட்டிலேயே இருக்கின்றன. காரில் போகும்போது “‘ம’வில் தொடங்கும் சொல் சொல்லு” என்று விளையாடலாம். மரம், மயில், மங்கு என்று வரட்டும். “பட்டு, கட்டு, மீன். இதில் சேராதது எது?” என்று கேட்கலாம். காசு செலவில்லை.

நாங்கள் செய்தது

குட்டியைப் பள்ளி மாற்றவில்லை. அண்ணனிடம் ஓராண்டு தவணை கேட்டேன். முதலில் அரசாங்க கிளினிக்கில் கண்ணையும் காதையும் சோதித்தோம், இரண்டும் சரி. அண்ணி வகுப்பாசிரியரைப் போய்ப் பார்த்தார். பள்ளியில் ‘பெமுலிஹான்’ எனப்படும் குறைநீக்கல் வகுப்பு இருந்தது. அதில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் தினம் பதினைந்து நிமிடம்தான். பழைய பிஸ்கட் டின் மூடியில் மணல் பரப்பினோம். ஒரு நாளைக்கு ஒரே எழுத்துக் குடும்பம். சொல்லிக்கொண்டே மணலில் எழுத வேண்டும், பிறகு வெறுந்தாளில். கொம்பு வரும் எழுத்துக்கு, “காதில் பின்னால், கையில் முன்னால்” என்று சொல்லிக்கொள்வான். அழிப்பான் கிடையாது. தவறினால் பக்கத்திலேயே மறுபடி எழுதுவான். கடைசி ஐந்து நிமிடம் அண்ணி அவனுக்குக் கதை படிப்பார்.

இப்படிச் செய்தும் முன்னேற்றம் தெரியாத பிள்ளைகள் இருப்பார்கள். எட்டு வயதிலும் பழகிய எழுத்தே மறந்து போவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, பேச்சில் சுட்டியாக இருந்தும் படிக்கச் சொன்னால் வயிறு வலிப்பது, இவற்றை அலட்சியப்படுத்த வேண்டாம். டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அது குடும்ப வழி வரக்கூடியது. அறிவுக் குறைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிளினிக் வழி மருத்துவமனை நிபுணரைப் பார்க்கலாம். உறுதியானால் சமூக நலத்துறையில் கற்றல் பிரச்சினைப் பிரிவின்கீழ் பதிந்துகொள்ளலாம். அந்த அட்டையை அவமானமாக நினைக்கும் பெற்றோர் நம்மில் அதிகம். உதவிக்கான வழி அது. குட்டிக்கு அப்படி எதுவும் உறுதியாகவில்லை, ஆசிரியர் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

தமிழில் எழுத்தின் அழகுக்கும் கையெழுத்து என்றே பெயர், ஒப்பத்துக்கும் அதே பெயர். அண்ணன் ஒருமுறை நண்பரின் மோட்டார் சைக்கிள் கடனுக்குப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, நான்கு ஆண்டு தவணை கட்டினார். “படிக்கத் தெரியாதுன்னு அந்த ஆள் முன்னாடி சொல்ல வெக்கமா இருந்துச்சும்மா” என்று இந்தக் கட்டுரைக்காகப் பேசும்போதுதான் முதல் முறையாகச் சொன்னார்.

மணல் மூடி வந்த இரண்டாம் வாரம், அண்ணி இரவு வேலைக்குக் கூலிம் தொழிற்சாலைக்குப் போன நாளில் குட்டியோடு உட்கார ஆள் இல்லை. அண்ணன் உட்கார்ந்தார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவரிடம் குட்டி, “அப்பா, இப்ப உங்க முறை” என்று மூடியைத் தள்ளினானாம். அன்று முதல் லாரி ஓடாத இரவுகளில் அவர்தான் உட்காருகிறார்.

டெஹான் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றி அண்ணனிடம் சொன்னேன். பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும், சிறுவயதில் கற்றவர்களையும், பெரியவர்களான பிறகு கற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வயதான பிறகு கற்றவர்களின் மூளையிலும் வாசிப்புக்கான இடம் உருவாகியிருந்தது. அண்ணன் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

குட்டி இப்போது இரண்டாம் ஆண்டு. பத்தில் ஆறு, ஏழு சரியாக வருகிறது. ல, ள தடுமாற்றம் இருக்கிறது. நீளமான வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகிறான். எழுத்தைக் கூட்டுவதிலேயே முழுப் பலமும் போய்விடுவதால் வருவது அது. பழகினால் சரியாகும் என்கிறார் ஆசிரியர்.

போன வாரம் அண்ணன் லாரிக்குக் கிளம்பும்போது நானும் அங்கே இருந்தேன். ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘அப்பா சாவி மெசை மேல்’ என்று கோணல் எழுத்து. வழக்கம்போல் நான் படித்துச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். விரலை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினார். வெகு நேரம் ஆயிற்று. பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

“டேய் குட்டி, மேசைக்கு இரட்டைக் கொம்புல்ல வரணும்?”